சலவைக்கல்லில் ஓர் ஈகை: வார்க்டன் நினைவுச் சிற்பம் பற்றிய திறனாய்வு

இறந்தவரைப் புகழ்தல் எளிது. அறிந்து புகழ்தல் அரிது. நம் இரங்கற் கூட்டங்களை எண்ணிப் பாருங்கள். ‘வள்ளல்’, ‘பண்பாளர்’, ‘ஈடு செய்ய இயலாத இழப்பு’ என்னும் சொற்கள் ஒவ்வொரு மேடையிலும் ஒலிக்கின்றன. ஒருவர் பெயரை எடுத்துவிட்டு மற்றொருவர் பெயரை இட்டாலும் அச் சொற்கள் மாறாமல் பொருந்துகின்றன. எல்லார்க்கும் பொருந்தும் புகழ் எவருடைய புகழும் ஆகாது. நம் மாணவர் எழுதும் வாழ்க்கை வரலாற்றுக் கட்டுரைகளிலும் இக் குறையே மிகுதி.

இக் குறை எழுத்துக்கு மட்டும் உரியதன்று, உளிக்கும் உரியது. கல்லில் புகழ் செதுக்கும் சிற்பியும் இதே சிக்கலை எதிர்கொள்கிறான். பெருங்கலைஞன் ஒருவன் இதனை எவ்வாறு எதிர்கொண்டான், எங்கே வென்றான், எங்கே நின்றுவிட்டான் என்று ஆராய்வது எழுத்துக் கலை பயில்வார்க்குப் பயன் தரும். இந் நோக்கத்தோடு, இங்கிலாந்தின் சிற்றூர்த் தேவாலயம் ஒன்றில் உள்ள 18ஆம் நூற்றாண்டு நினைவுச் சிற்பத்தை இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

1. ஊரும் உரியவரும்

நார்த்தாம்ப்டன்சயர் மாவட்டத்தில், கெட்டரிங் நகருக்கு அண்மையில் வார்க்டன் என்னும் சிற்றூர் உள்ளது. அதனை அடுத்துள்ளது பௌட்டன் மாளிகை. பிரெஞ்சு அரண்மனைகளின் சாயலில் எழுந்தமையால் ‘இங்கிலாந்தின் வெர்சாய்’ என்று அதனைக் கூறுவர். மாண்டேகு குடும்பத்தின் இருப்பிடம் அது. சுற்றியுள்ள ஊர்களின் நிலம் அக் குடும்பத்துக்கு உரியது. உழுதவர் குடியானவர், உடையவர் மாண்டேகு கோமகன்.

டியூக் எனும் கோமகன் பட்டத்தைத் தாங்கியவருள் இரண்டாமவர் ஜான் மாண்டேகு. 1690இல் பிறந்து 1749இல் மறைந்தவர். அரசரின் பீரங்கிப் படைக்கலத் துறையின் தலைமைப் பொறுப்பை 1740களில் வகித்தார். 1725இல் புதுப்பிக்கப்பட்ட ‘பாத்’ வீரர் குழுவின் முதல் தலைவராகவும் விளங்கினார். போர்வீரர் மார்ல்பரோ கோமகனின் இளைய மகள் மேரியை 1705இல் மணந்தார். மரம் நடுவதில் பெருவிருப்புடையவர். பௌட்டனைச் சுற்றி நெடுஞ்சாலை போன்ற மரவரிசைகளைப் பல கல் தொலைவுக்கு அமைத்தார். ‘மரம் நட்ட ஜான்’ என்னும் பட்டப்பெயர் அதனால் வந்தது. விளையாட்டுக் குறும்பிலும் பேர்பெற்றவர். ஐம்பது வயதைக் கடந்தும் பள்ளிச் சிறுவனைப் போல் விருந்தினரை நீர் பீய்ச்சி நனைக்கிறார் என்று அவருடைய மாமியாரே நொந்து எழுதியுள்ளார்.

இத்தகைய மனிதர் மறைந்தபோது பட்டத்தை ஏற்க ஆண்மகவு எஞ்சியிருக்கவில்லை. பட்டம் அவரோடு முடிந்தது. பின்னர் 1766இல் அவருடைய மருமகனுக்காக அது மீண்டும் படைக்கப்பட்டது. ஆகவே, நினைவுச் சின்னம் எழுப்பும் கடமை வீட்டுப் பெண்டிரின் கைக்கு வந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். சிற்பத்தின் பொருளுக்கு இது ஒரு திறவுகோல்.

வார்க்டன் புனித எட்மண்டு தேவாலயத்தின் பலிபீடப் பகுதி இச் சிற்பங்களுக்காகவே புதிதாகக் கட்டப்பட்டது. இரு பக்கச் சுவர்களிலுமாக நான்கு பெரிய மாடங்கள் அங்கு உள்ளன. அவற்றுள் இரண்டு ரூபிலியாக் செதுக்கியவை: ஒன்று கோமகனுக்கு உரியது, மற்றொன்று 1751இல் மறைந்த கோமகளுக்கு உரியது. நம் திறனாய்வுக்கு உரியது முதலாவது. இரண்டாவது துணைக்கு வரும்.

2. சிற்பி

லூயி பிரான்சுவா ரூபிலியாக் பிரான்சு நாட்டு லியோன் நகரில் பிறந்தவர். 1730ஆம் ஆண்டளவில் இலண்டனுக்கு வந்து, 1762இல் அங்கேயே மறைந்தார். 1738இல் வாக்சால் பூங்காவில் நிறுவப்பட்ட ஹாண்டெலின் சிலை அவருக்குப் புகழ் தேடித் தந்தது. பெரும்பாலும் அரசரும் படைத்தலைவரும் சிலை பெற்ற காலத்தில், உயிரோடிருந்த ஓர் இசையாளரை வீட்டுடையில், காலணி நழுவ, இயல்பாக அமர்ந்த நிலையில் அவர் காட்டினார். 1755இல் கேம்பிரிட்ஜ் திரித்துவக் கல்லூரியில் வைத்த நியூட்டனின் சிலையும் அவர் படைப்பே. ஒரு மனிதனை அவனாகவே காட்டும் ஆற்றல் அவருக்கு இருந்தது. துணியின் மடிப்பும் தோலின் தளர்ச்சியும் அவர் உளிக்கு ஒருங்கே பணிந்தன.

இத்தகைய சிற்பியிடம், நண்பர்கள் சொல்லிச் சிரிக்க நூறு கதைகளை விட்டுச்சென்ற ஒருவரின் நினைவுச் சின்னத்தை ஒப்படைத்தால் என்ன எதிர்பார்ப்போம்? அந்த மனிதரை அங்கே காண எதிர்பார்ப்போம். ஆனால் வார்க்டனில் நாம் காண்பது வேறு.

3. சிற்பத்தின் அமைப்பு

மாடத்தின் மேற்பகுதியில் ஈகை என்னும் பண்பு ஒரு பெண்ணுருவாக விளங்குகிறது. ஐரோப்பியக் கலை மரபில் ஈகையைக் குழந்தைகள் சூழ்ந்த தாயாகக் காட்டுவது வழக்கம். இங்கும் குழந்தைகள் உடன் உள்ளனர். அந்த ஈகை அன்னை வட்டமான உருப்பலகை ஒன்றைத் தொங்கவிடுகிறாள். அப் பலகையில் கோமகனின் முகம் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளது. கீழே கோமகள் நின்று, அண்ணாந்து அம் முகத்தை நோக்குகிறார். படைக்கலங்களும் கொடிகளும் அவர் வகித்த பதவியைக் குறிக்கின்றன.

இங்கே கருதத்தக்கது, கோமகன் முழு உருவில் இல்லை என்பதாகும். அக் காலத்துப் பெருநிலக்கிழார்களின் நினைவுச் சின்னங்களில் உரியவர் நிமிர்ந்து நிற்பார். அல்லது சாய்ந்து கிடப்பார். பாட்மிண்டன் தேவாலயத்தில் ரிஸ்பிராக் என்னும் சிற்பி 1754இல் அமைத்த பியூபோர்ட் கோமகன்களின் சின்னத்தில் அவர்கள் உரோமானிய உடை தரித்துப் பெருமிதத்தோடு விளங்குகின்றனர். பார்ப்பவர் அங்கே அதிகாரத்தைப் பார்க்கிறார். வார்க்டனிலோ, உரியவர் ஒரு படம் மட்டுமே. உயிரோடு இருப்பவர் அவரை இழந்தவர். படத்துக்கும் அவருக்கும் நடுவே கைக்கு எட்டாத உயரம் இருக்கிறது.

இன்னொன்றும் காண்க. உருப்பலகையைத் தொங்கவிடும் செயல் முடிந்து போனதாகக் காட்டப்படவில்லை; நடந்துகொண்டிருக்கிறது. நினைவுச் சின்னம் எழுப்பப்படும் அந்தக் கணமே நினைவுச் சின்னத்தின் பொருளாகிவிட்டது. ‘இவர் பெரியவர்’ என்று கல் கூறவில்லை. ‘இவரை நினைக்கிறோம்’ என்று கூறுகிறது. எழுவாய் மாறிவிட்டது. பெயரைப் பாடும் பாட்டுக்கும் பிரிவைப் பாடும் பாட்டுக்கும் உள்ள வேறுபாடு இது. ரூபிலியாக்கின் முதல் வெற்றி இதுவே என்பேன்.

காலம் இச் சிற்பத்துக்கு மேலும் ஒரு பொருளைச் சேர்த்தது. கணவரின் சின்னம் நிறைவுற்று இடம் பெறுவதற்குள் கோமகளும் மறைந்தார். நினைப்பவராகச் செதுக்கப்பட்டவர் நினைக்கப்படுபவர் ஆனார். அவருக்கு உரிய மாடத்தில் ரூபிலியாக் ஊழ்த் தேவியர் மூவரை அமைத்தார். கிரேக்க, உரோமானியத் தொன்மத்தின்படி ஒருத்தி வாழ்க்கை நூலை நூற்கிறாள், ஒருத்தி அளக்கிறாள், ஒருத்தி அறுக்கிறாள். குழந்தைகள் தாழிக்கு மலர்மாலை சூட்டுகின்றனர். கணவரின் மாடத்தில் அன்பு பேசுகிறது. மனைவியின் மாடத்தில் விதி பேசுகிறது. இரண்டையும் சேர்த்துப் படிப்பவனே பொருளை முழுமையாக அறிவான்.

4. வால்போல் கூறிய குறை

இச் சிற்பங்களை அக் காலத்திலேயே குறை கூறினார் ஒருவர். கலை வரலாறு எழுதிய ஹொரேஸ் வால்போல், இவை திறமையோடு செய்யப்பட்டவை, மாட்சிமை மிக்கவை என்று ஒப்புக்கொண்டார். எளிமை இல்லை என்றும் முடிவு கூறினார்.

இத் தீர்ப்பை அப்படியே ஏற்க முடியுமா? எளிமை என்பது உறுப்புகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்றால் வால்போல் கூறியது சரியே. பெண்ணுருவங்களும் குழந்தைகளும் உருப்பலகையும் படைக்கலங்களும் ஒரே மாடத்தில் திரண்டிருக்கின்றன. ஆனால் எளிமை என்பது பொருளின் ஒருமையைப் பொறுத்தது என்றால், அவர் கூற்று பொருந்தாது. கோமகளின் பார்வை மேலே செல்கிறது. ஈகையின் கை மேலே செல்கிறது. இரண்டும் சென்று சேரும் இடம் ஒன்றே. நூறு அடி கொண்ட பாட்டு ஒரே உணர்ச்சியைச் சுமந்தால் அது எளிய பாட்டே. நான்கு அடிப் பாட்டு நான்கு திசைக்கு இழுத்தால் அது சிக்கலான பாட்டே. மாணவருக்கு நாம் ‘சுருங்கச் சொல்’ என்று கற்பிக்கும்போது, சொற்களை எண்ணச் சொல்கிறோமா, கருத்தை ஒருமுகப்படுத்தச் சொல்கிறோமா என்பதை நாமே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

ஆகவே வால்போல் கண்ட குறையை நான் குறையாகக் கொள்ளவில்லை. என் மனத்தை உறுத்தும் குறை வேறு. அது ஈகை என்னும் அந்தப் பெண்ணுருவத்தைப் பற்றியது.

5. ஈகை யாருக்கு?

எந்த நிலக்கிழாரின் சின்னத்திலும் ஈகையை வைக்கலாம். பணம் கொடுத்தால் ஈகையும் வரும், நீதியும் வரும், வீரமும் வரும். சிற்பக்கூடத்தில் அவை ஆயத்தமாக இருக்கும் பொருள்கள். அப்படியாயின் வார்க்டனில் உள்ள ஈகை வெறும் அணியா, உண்மையா? இதற்கு விடை காண கல்லை விட்டு வாழ்க்கைக்குச் செல்ல வேண்டும்.

1739இல் இலண்டனில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான காப்பகத்துக்கு அரச ஆணை கிடைத்தது. அதனை நிறுவிய ஆளுநர்களுள் மாண்டேகு கோமகனும் ஒருவர். எனவே ஈகையைச் சூழ்ந்த குழந்தைகள் முற்றிலும் மரபு மட்டும் அல்லர்.

1733இல் அயூபா சுலைமான் டியாலோ என்னும் ஆப்பிரிக்கர் இலண்டனுக்கு வந்தார். மேற்கு ஆப்பிரிக்காவின் புந்து நாட்டைச் சேர்ந்த, குர்ஆனைக் கற்றறிந்த முஸ்லிம் அவர். பிடிக்கப்பட்டு, அமெரிக்காவின் மேரிலாந்தில் அடிமையாக விற்கப்பட்டவர். பலர் பொருள் திரட்டி அவரை மீட்டனர். அவரை ஆதரித்து அரசவைக்கு அறிமுகம் செய்தவர்களுள் மாண்டேகு கோமகன் முன்னின்றார். 1734இல் அயூபா தாயகம் திரும்பினார்.

மூன்றாவது செய்தி ஆசிரியர்களாகிய நம் நெஞ்சைத் தொடுவது. இலண்டனை அடுத்த கிரீனிச்சில் மூன்று சகோதரியர் ஓர் ஆப்பிரிக்கச் சிறுவனை அடிமையாக வைத்திருந்தனர். இக்னேசியஸ் சாஞ்சோ என்பது அவனுக்கு இடப்பட்ட பெயர். எழுத்தறிவு பெற்றால் கீழ்ப்படிய மாட்டான் என்று கருதி அவர்கள் அவனுக்குப் படிப்பை மறுத்தனர். அருகிலுள்ள பிளாக்ஹீத்தில் வீடு வைத்திருந்த மாண்டேகு கோமகன் அச் சிறுவனைக் கண்டார், அவன் அறிவுக் கூர்மையை உணர்ந்தார், புத்தகங்களைக் கொடுத்தார். சாஞ்சோவின் முதல் வாழ்க்கை வரலாறு கூறும் செய்தி இது.

1749இல் கோமகன் மறைந்தபின் சாஞ்சோ அச் சகோதரியரிடமிருந்து தப்பிக் கோமகளிடம் அடைக்கலம் புகுந்தார். கோமகள் முதலில் தயங்கினார். பின்னர்ப் பணியில் அமர்த்திக்கொண்டார். 1751இல் தாம் இறக்கும்போது அவருக்கு ஆண்டுக்கு 30 பவுன் உதவித்தொகையும் எழுதி வைத்தார். அந்த இளைஞர் பிற்காலத்தில் இசை இயற்றினார்; நாவலாசிரியர் லாரன்ஸ் ஸ்டெர்னுக்கு 1766இல் அடிமை முறையை எதிர்த்து எழுதுமாறு மடல் வரைந்தார்; 1768இல் கெய்ன்ஸ்பரோவின் தூரிகையில் ஓவியம் ஆனார்; 1774இல் இங்கிலாந்துப் பொதுத் தேர்தலில் வாக்களித்தார். 1780இல் அவர் மறைந்தபின் அவருடைய மடல்கள் 1782இல் நூலாக வெளிவந்தன.

இப்பொழுது மீண்டும் சிற்பத்தை நோக்குங்கள். கீழே நின்று அண்ணாந்து நோக்கும் அந்தப் பெண்மணி, தம் கைம்மைக் காலமாகிய இரண்டே ஆண்டுகளில், கணவர் தொடங்கிய ஒரு நற்செயலைத் தொடர்ந்து செய்தவர். கணவரின் முகத்தைப் பார்த்து நிற்பதைவிட மேலான நினைவுச் சின்னம் அது. கல்லில் அது இல்லை. ஒரு சிறுவன், ஒரு புத்தகம்: இவ்விரண்டையும் செதுக்க ரூபிலியாக்குக்கு ஆற்றல் இல்லாமற் போகவில்லை. ஹாண்டெலின் நழுவிய காலணியைச் செதுக்கிய கை அது. ஆனால் நினைவுச் சிற்பத்தின் மரபு பொதுச் சொல்லை விரும்பியது. சிறப்புச் சொல்லை விரும்பவில்லை. ‘ஈகை’ என்று எழுதியது. ‘புத்தகம் கொடுத்தார்’ என்று எழுதவில்லை.

6. கல் மறைத்த மற்றொன்று

நல்லதை மட்டும் விட்டுவிட்டது என்றால் கல்லை மன்னித்துவிடலாம். ஆனால் பொதுச் சொல்லுக்கு மற்றொரு பயனும் உண்டு. அது மறைக்கவும் உதவும்.

1722இல் முதலாம் ஜார்ஜ் அரசர், மேற்கிந்தியத் தீவுகளாகிய செயிண்ட் லூசியாவையும் செயிண்ட் வின்சென்டையும் மாண்டேகு கோமகனுக்கு வழங்கினார். அங்கே கரிப் மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தனர். பிரெஞ்சுக்காரரும் உரிமை கொண்டாடினர். தமக்கு இல்லாத ஒன்றை அரசர் வழங்கினார், கோமகன் பெற்றுக்கொண்டார். நத்தானியேல் யூரிங் என்னும் கப்பல் தலைவரின் கீழ்க் குடியேற்றக்காரர் அனுப்பப்பட்டனர். மார்ட்டினிக் தீவிலிருந்து வந்த பிரெஞ்சுப் படை 1723இன் தொடக்கத்தில் அவர்களை வெளியேற்றியது. முயற்சி பெரும் பொருளிழப்போடு முடிந்தது.

அத் தீவுகளில் விளையவிருந்தது கரும்பு. அக் காலத்து மேற்கிந்தியத் தீவுகளில் கரும்பு விளைந்தது அடிமைகளின் உழைப்பால். அந்தச் சர்க்கரை வந்து இறங்குவதற்காகவே, இங்கிலாந்தின் தென்கரையில் தமக்குரிய நிலத்தில் கோமகன் ஒரு துறைமுக ஊரை அமைக்கத் தொடங்கினார். பக்லர்ஸ் ஹார்ட் என்று இன்று வழங்கும் ஊர் அது. சர்க்கரை வரவில்லை, பிற்காலத்தில் அங்கே போர்க்கப்பல்கள் கட்டப்பட்டன.

ஓர் அடிமைச் சிறுவனுக்குப் புத்தகம் கொடுத்த கையும், அடிமை உழைப்பால் செழிக்கும் தீவை வேண்டிப் பெற்ற கையும் ஒன்றே. முயற்சி தோற்றது பிரெஞ்சுப் படையால், மனச்சான்றால் அன்று. இதனைக் கூறுவது அவரை இழிவுபடுத்துவதற்காக அன்று. முதற் செயல் பொய் என்றும் நான் கூறவில்லை. இரண்டும் உண்மை. ஒருவேளை முதுமையில் அவர் உள்ளம் மாறியிருக்கலாம் என்று கதை புனைவதும் நம் வேலை அன்று. இரண்டு உண்மைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் துணிவே நமக்கு வேண்டுவது. ஈகை என்னும் பொதுவுருவம் இவ்விரண்டின் மேலும் ஒரே வெள்ளைத் துணியைப் போர்த்திவிடுகிறது. முதலாவதன் சிறப்பும் தெரிவதில்லை. இரண்டாவதன் தீமையும் தெரிவதில்லை.

தேவாலயத்தில் ஞாயிறுதோறும் கூடியவர்கள் அந் நிலத்தை உழுத குடியானவர்கள் என்பதையும் மறக்கலாகாது. பல கல் தொலைவுக்கு மரம் நட்டவர் ஜான் என்று வரலாறு கூறுகிறது. குழி தோண்டியவர் யார்? அவர்கள் பெயர் எந்த மாடத்திலும் இல்லை. பலிபீடத்தை நோக்கி அவர்கள் கண் உயர்த்தியபோதெல்லாம் உடையவரின் ஈகை அவர்கள் கண்ணில் பட்டது. சிற்பம் அழுகையைப் பேசியது. அதே வேளையில் யாருடைய இடத்தில் வழிபடுகிறோம் என்பதையும் பேசியது.

7. தஞ்சைச் சிற்பம் காட்டும் மாற்று வழி

‘கல்லுக்குப் பொதுச் சொல் தவிர வேறு மொழி இல்லை’ என்று சிலர் வாதிடலாம். அது சரியன்று. இதற்குச் சான்று தமிழ் மண்ணிலேயே உள்ளது. 1798இல் தஞ்சையில் மறைந்த சமயப் பணியாளர் ஸ்வார்ட்சுக்கு மன்னர் இரண்டாம் சரபோஜி நினைவுச் சின்னம் எழுப்ப விரும்பினார். அப் பணியை இலண்டனில் இருந்த சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மனிடம் ஒப்படைத்தார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாகிக் கடல் கடந்து வந்த அச் சிற்பம் தஞ்சைச் சிவகங்கைக் கோட்டையின் தேவாலயத்தில் உள்ளது.

அதில் ஒரு முதியவர் இறுதிப் படுக்கையில் கிடக்கிறார். மன்னர் அவருடைய கையைப் பற்றியிருக்கிறார். அருகே அவருடைய பள்ளிப் பிள்ளைகள் நிற்கின்றனர். ஆசிரியரின் பெருமையைக் கூற அங்கே உருவகம் தேவைப்படவில்லை. பிள்ளைகள் நிற்பதே போதுமானது. ரூபிலியாக்கின் உணர்ச்சி வேகம் ஃபிளாக்ஸ்மனிடம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கைத்திறத்தில் வார்க்டனே உயர்ந்தது. ஆயினும் யாரை நினைக்கிறோம், எதற்காக நினைக்கிறோம் என்னும் வினாவுக்குத் தஞ்சைச் சிற்பம் நேரே விடை கூறுகிறது. அரை நூற்றாண்டு அளவே கடந்த நிலையில், அதே நாட்டின் சிற்ப மரபு, பொதுவிலிருந்து சிறப்புக்கு வர முடிந்தது என்பதற்கு இது போதிய சான்று.

8. நம் சுவரில் உள்ள கல்

கடைசியாக ஒன்று. பிறர் கல்லைக் குறை கூறியவன் தன் கல்லையும் காட்ட வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில், கட்டடத்துக்குப் பொருளுதவி செய்த பெரியவர் ஒருவர் மறைந்தார். அவர் நினைவாகப் பதிக்கும் கல்லுக்கு வாசகம் எழுதும் பொறுப்பை என்னிடம் தந்தார்கள். ‘கல்வி வள்ளல்’ என்று தொடங்கினேன். ‘தமிழ்க் காவலர்’ என்று தொடர்ந்தேன். எதுகை மோனையோடு நான்கு அடிகள் எழுதி முடித்தேன். எல்லாரும் பாராட்டினார்கள்.

கல் பதித்த அன்று மாலை, பள்ளியில் துப்புரவுப் பணி செய்த மூதாட்டி அதன் முன் நின்றுகொண்டிருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். “என்னங்க ஐயா எழுதியிருக்கு?” என்று கேட்டார். படித்துக் காட்டினேன். சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு, “மழை நாள்ல லாரியை அனுப்பிப் பிள்ளைங்களை வீட்டுல விட்டுட்டு வரச் சொல்லுவாரே, அதைப் போடலீங்களா?” என்றார். நான் விடை கூறுமுன், “எங்க வீட்டுக்காரருக்கு மூணு மாசச் சம்பளம் நிறுத்தி வெச்சவரும் அவருதான். ஆனா அந்த லாரியை மறக்க முடியாது” என்று கூறிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனார்.

நான்கு அடிகளில் நான் கூறாததை அவர் இரண்டு தொடர்களில் கூறிவிட்டார். அவர் கூற்றில் வெறுப்பு இல்லை, முகமன் இல்லை, ஒரு மனிதர் இருந்தார். என் கல்லிலோ வள்ளல் இருந்தார், மனிதர் இல்லை. ஊதியம் நிறுத்தியதைக் கல்லில் பொறிக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. ஆனால் லாரியைப் பொறித்திருக்கலாம். லாரியைப் பொறித்திருந்தால், மற்றதை எழுதாமலே அது பொய்யற்ற கல்லாக நின்றிருக்கும். ஏனெனில் ஒரு செயலைக் கூறுவது அந்தச் செயலை மட்டுமே கூறுகிறது. ‘வள்ளல்’ என்பதோ வாழ்நாள் முழுவதற்கும் உறுதி கூறுகிறது. அந்த உறுதியைத் தரும் தகுதி எனக்கு இல்லை.

அதன் பின்னர்தான் வார்க்டன் சிற்பத்தின் படம் ஒன்றைக் கண்டபோது, அதன் அழகோடு அதன் அமைதியும் எனக்குப் புலப்பட்டது. ரூபிலியாக் பிரிவைச் செதுக்கினார். அதில் அவருக்கு இணை சிலரே. புகழைச் செதுக்கும் இடத்தில் மட்டும், என்னைப் போலவே, ஆயத்தமாக இருந்த சொல்லை எடுத்து வைத்துவிட்டார். பெருங்கலைஞனுக்கே நேர்ந்த இந்த வழுக்கல் நம் மாணவருக்கு நேர்வதில் வியப்பில்லை. வியப்பு இல்லை என்பதனால் விட்டுவிடவும் கூடாது.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ‘நான் போற்றும் பெரியவர்’ என்று கட்டுரைத் தலைப்புக் கொடுக்கும்போது, பண்புப் பெயர் எதனையும் பயன்படுத்தாமல் எழுதச் சொல்லுங்கள். அவர் என்ன கொடுத்தார், யாருக்குக் கொடுத்தார், எந்த நாளில் கொடுத்தார் என்று மட்டும் எழுதட்டும். நான் இதனைச் செய்து பார்த்திருக்கிறேன். முதலில் மாணவர் திகைப்பர், எழுதுகோலைக் கடிப்பர். பிறகு அவர்களுள் ஒருவர் வீட்டுக்குச் சென்று பாட்டியிடம் கேட்டுவருவார். அந்தக் கேள்வியில்தான் கட்டுரை தொடங்குகிறது.